மறுத்தது கணினி என்றால் பதில் சொல்வது யார்?

எதிர் வீட்டு அக்கா இருபது ஆண்டுகளாக ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மகளிர் குழுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. சொந்தப் பட்டறை போட, சென்ற மாதம் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டார். ஒரே நிமிடத்தில் மறுப்பு. அவர்களுடைய எண்ணில் நான்தான் பேசினேன். "சிஸ்டம் எடுத்த முடிவு" என்பதற்கு மேல் காரணம் வரவில்லை.

"என் கணக்கு நோட்டைப் பார்க்காமலே எப்படித் தம்பி வேண்டாம் என்றார்கள்?" என்றார் அக்கா. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கொடுக்கல் வாங்கலுக்காகப் பர்மா வரை போன சீமை நம் செட்டிநாடு. அந்தப் பேரேடுகளில் தன் பெயரில் கடன் வாங்கிய கூலிக்காரப் பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்றும் நியாயம் இல்லைதான். ஆனால் மறுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார், வழக்காட முடிந்தது.

கணினிக்கு யார்மீதும் பகை இல்லை. பழைய கணக்குகளைப் படித்தே அது கற்கிறது. அதில் இல்லாதவர்களை அதற்குத் தெரியாது. தெரியாதவர்களை நம்பத் தகாதவர்களாக எண்ணிவிடுகிறது. ஆண், பெண் என்ற விவரத்தை நீக்கினாலும் போதாது. சிம் யார் பெயரில், கூலி வங்கியில் விழுகிறதா, பின்கோடு எது என்பவையே காட்டிக் கொடுத்துவிடும்.

அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்தது இதுதான். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்கும் மென்பொருளில் இனம் பற்றிய விவரமே கிடையாது. நோயின் கடுமையை அளக்க, மருத்துவச் செலவை அளவுகோலாக்கியிருந்தார்கள். கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படுவது குறைவு. மென்பொருளோ அவர்களுக்கு நோயே குறைவு என்று கணக்கிட்டது. இந்தக் கோணலை நிமிர்த்தினால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

கடனில் இன்னொரு கொடுமை உண்டு. மறுக்கப்பட்டவர் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா என்பது பதிவாகவே ஆகாது. தவறு தவறாகவே தெரியாமல் கணினி படிக்கும் அடுத்த பாடத்திலும் ஏறிவிடும். மறுக்கப்பட்டவர்களில் சிலருக்காவது சிறு தொகை கொடுத்துச் சோதிக்க வேண்டும். பெண்கள், ரொக்கக் கூலிக்காரர்கள், சிற்றூர்க்காரர்கள் என்று பிரித்து, மறுப்பு எங்கே குவிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியாள் ஒருவர் அதைத் தணிக்கை செய்ய வேண்டும். மறுப்புக்குக் காரணம் தமிழில் வர வேண்டும்.

செயலி வழிக் கடனுக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 நாளில் தீராவிட்டால், புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அக்காவின் குழு நோட்டைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மனு அனுப்புகிறோம்.