கறுப்பு மையைக் கொட்டினா பேய் வந்துடுமா?

"போஸ்டர் செம டார்க்கா இருக்கணும் ப்ரோ." ஸ்டூடண்ட் பேய்ப் படம் எடுக்குற டீம் டிசைனர்கிட்ட முதல்ல சொல்றது இதைத்தான். கூடவே ராத்திரி சீன்ல இருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதுவும் வாட்ஸ்அப்ல போட்டோவா அமுங்கி வரும். "இதை வச்சு ஏ3 போட்டுடுங்க, காலையில பிரிண்ட்."

கணக்குப் பாருங்கய்யா. ஏ3 தாள் 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாகணும்னா 3508க்கு 4961 பிக்சல் வேணும். உங்க ஃபுல் எச்டி ஃப்ரேம் 1920க்கு 1080, அதுவும் படுத்த வாக்குல. நிமிர்ந்த போஸ்டருக்கு வெட்டினா மிஞ்சுறது சுமார் 764க்கு 1080. நாலரை மடங்குக்கு மேல இழுக்கணும். நொடிக்கு 24 ஃப்ரேம்ல ஒவ்வொண்ணுக்கும் ஷட்டர் 1/48 நொடி திறந்திருக்கும் வேற. ஓடும்போது கண்ணுக்கு இதமா இருந்த அசைவு, நிறுத்திப் பார்த்தா கையும் முகமும் கரைஞ்சு கிடக்கும். ஐஎஸ்ஓவை (கேமராவோட ஒளி உணர்திறனை) 6400க்கு ஏத்தியிருந்தா நிழல் பூரா மணல் தூவின மாதிரி. "படத்தைப் பெருசாக்குற ஏஐ அப்ஸ்கேலர்ல போடுங்களேன்"னு ஒரு அறிவாளி வருவார். போட்டா பேய்க்கு மெழுகுப் பொம்மை மூஞ்சிதான் கிடைக்கும்.

ஷூட்டிங் அன்னைக்கே, மேக்கப் கலையுறதுக்கு முன்னாடி, ஒரு அரை மணி நேரம். அதைக்கூட ஒதுக்க மாட்டீங்களா? ஸ்டில் கேமராவை ட்ரைபாட்ல நிமிர்த்தி வையுங்க. ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத முழுப் பதிவு), ஐஎஸ்ஓ 400க்குள்ள, நடிகரை அசையாம நிக்கச் சொல்லி பத்து ஷாட். பக்கவாட்டுல ஒரே லைட், முடியோட ஓரம் பின்னணியில இருந்து பிரிஞ்சு தெரிய பின்னாடி மெல்லிசா இன்னொண்ணு. தலைக்கு மேல டைட்டிலுக்கு இடம் விடுங்க. நெற்றியில டைட்டில் ஏறுறதுக்கு டிசைனர் பொறுப்பில்லை.

அடுத்து அந்த டார்க். போன்ல பிரைட்னஸை முழுசா ஏத்தி வச்சுக்கிட்டு "இன்னும் இருட்டாக்குங்க"ன்னா எப்படி? ஸ்க்ரீன் தானா ஒளிவிடும். தாள் தன் மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பும். போதாக்குறைக்கு அச்சுல மைப் புள்ளி பரவிப் பெருசாகும், நிழல்ல இருக்குற நுணுக்கமெல்லாம் அடைச்சுக்கும். ஸ்க்ரீன்ல லேசாத் தெரிஞ்ச பேய் தாள்ல காணாமப் போறது இப்படித்தான். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருக்குற கர்வ்ஸ் கருவியில நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஒரு துண்டு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

கறுப்புலயும் சூட்சுமம் இருக்கு. பெரிய பரப்புக்கு கே100, அதாவது கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போட்டா ஆஃப்செட் அச்சுல சாம்பல் பூத்துடும். சி (சயான்), எம் (மெஜெந்தா), ஒய் (மஞ்சள்), கே (கறுப்பு)ன்னு நாலு மையையும் 100 வச்சா காயாது, மேல அடுக்குற தாள்ல ஒட்டும். சி60, எம்40, ஒய்40, கே100, மொத்தம் 240: பெரும்பாலான பிரஸ்ஸுக்கு இது தாங்கும். ஆனா அந்தக் கறுப்புக்குள்ள 5 பாயிண்ட்ல மெல்லிசா வெள்ளை எழுத்துல பேர் போட்டா, மைக்கு ஒண்ணா இருக்குற அச்சுத் தட்டுல ஒண்ணு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குள்ள கலர் வழியும். அப்புறம் "என் பேரு தெரியலை"ன்னு கேமராமேன் சண்டைக்கு வருவார். 8 பாயிண்ட், கொஞ்சம் தடிச்ச ஃபான்ட். ஓரத்துல 3 மிமீ ப்ளீட் (வெட்டிப் போறதுக்கான கூடுதல் படம்) விடாம, தாளை வெட்டுற கத்தி வெள்ளைக்கோடு காட்டினா அதுக்கும் அழாதீங்க.

ரத்தச் சிவப்பு டைட்டில்! ஸ்க்ரீன் கலர் எண்ல (ஆர்ஜிபி) 139,0,0ங்குற அந்த அடர் சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒளி வேறுபாடு 2க்கு 1 தேறினாலே பெருசு. வாசிக்க சாதா எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கே 3 வேணும்னு வலைப்பக்கங்களுக்கு விதி இருக்கு. போஸ்டரை ஒரு தடவை கிரேஸ்கேல் (கறுப்பு-வெள்ளை) ஆக்கிப் பாருங்க, டைட்டில் செத்துக் கிடக்கும்.

அதுல சொட்டச் சொட்ட ரத்தம் வேற. இங்கிலீஷுக்குச் செஞ்ச அந்த ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது. சில சாஃப்ட்வேர்ல, தமிழ் மாதிரி எழுத்தைச் சரியா அடுக்குற வேர்ல்ட்-ரெடி காம்போசரைப் போடாம தட்டினா "கொலை"யில கொம்பு இடம் மாறி க-வுக்குப் பின்னாடி போய் நிக்கும், அதையும் யாரும் கவனிக்கிறதில்லை. கையால சொட்டு வரைஞ்சா முதல் பலி புள்ளி. "ரத்தம்" ரததம ஆகிடும். தடிச்ச சாதா ஃபான்ட்டை எடுத்து, அவுட்லைனாக்கி (எழுத்தை வரைபடமா மாத்தி), ஒரே ஒரு எழுத்தோட காலை மட்டும் கீழே இழுத்து விடுங்க. போதும்.

மண்டை ஓடு, நிலா, காக்கா, பொம்மை, கண்ணாடியில கை, பாழடைஞ்ச வீடு, அஞ்சு நடிகர் தலை. எல்லாம் ஒரே போஸ்டர்ல. 2 செமீ அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்க, கரிக்கட்டைதான் தெரியும்.

இவ்வளவையும் சரி பண்ணிட்டு, ஸ்கிரீனிங் என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த ஹால்னு கேட்டா வர்ற பதில்: "அது இன்னும் கன்ஃபர்ம் ஆகலை ப்ரோ, கீழே கொஞ்சம் இடம் விட்டுடுங்க."