உப்புக்காற்றில் வைரம் மங்காது

“கீழக்கரை, ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று வைரத்தை அரித்துவிடும், நிச்சயதார்த்த மோதிரத்துக்கு முத்துதான் பாதுகாப்பு” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். விஷயம் நேர்மாறு, தம்பி. வைரம் என்பது கார்பன். உப்புத்தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மங்கலாகத் தெரிவது சோப்பும் எண்ணெயும் படிந்த படலம்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வியர்வை, சென்ட், எலுமிச்சைச் சாறு படப்பட அதன் பளபளப்பு குறையும், எளிதில் கீறலும் விழும். மன்னார் வளைகுடா முத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. காதுக்கும் கழுத்துக்கும் அது அழகு. தினமும் விரலில் கிடக்கும் மோதிரத்துக்குச் சரிவராது.

நீங்கள் கவனிக்க வேண்டியது கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகளை. 22 காரட் தங்கம் மென்மையானது, கம்பி வளைந்தால் கல் விழுந்துவிடும். 18 காரட்டில் கேளுங்கள். வெள்ளைத் தங்கம் என்றால் மேலே உள்ள ரோடியம் பூச்சு நாளடைவில் தேயும், மறுபடி பூச வேண்டிவரும். அப்புறம், அக்னி தீர்த்தத்தில் முங்கும்போது மோதிரத்தைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவிவிடும்.