எண்ணிக்கை கல்லில் இருக்கிறது, பெயர்கள் எங்கே?

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். ஆங்கிலத்தில் சில வரிகள்தான். இங்கிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், ஒருவர் பெயர்கூடக் கிடையாது. இதே வாசகம், எண்ணிக்கை மட்டும் மாறி, தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இருக்கிறது.

எங்கள் ஊரிலும் உண்டு. அந்தக் கல்லில் உயிரைக் கொடுத்தவர்கள் என்று சொல்லும் எண்ணுக்குள் என் தாத்தாவின் அண்ணனும் அடங்கியிருக்கிறார். பட்டாளத்தில் சேர்ந்தபோது மீசைகூட அரும்பவில்லை என்று தாத்தா சொல்வார். கல்யாணம் ஆகாமலே போனவர். அவரைப் பற்றி விசாரிக்கப் பிள்ளை, பேரன் என்று யாருமில்லை. அதனால்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

வீட்டில் அவர் நினைவாக மிஞ்சியது ஒரு வெண்கலத் தகடு மட்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, வட்டமானது. பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா தேவியும் ஒரு சிங்கமும், ஓரத்தில் ஆங்கில வாசகம், ஒரு கட்டத்துக்குள் அவர் பெயர். அம்மா சாமி படங்களோடு வைத்து அதற்கும் குங்குமம் இடுவார். போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த தகடு அது. அதில் பெயர் மட்டும்தான் இருக்கும். எந்தப் படை, என்ன பதவி என்று எதுவும் இருக்காது. அதெல்லாம் வெள்ளி மெடலின் விளிம்பில் பொறித்திருக்கும்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. எங்கள் வீட்டு மெடலை ஒரு கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து முதலில் விளிம்பைப் படியுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.

பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பதிவுகளையும் பராமரிப்பது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை பதிவாகியிருக்கிறது. பெயரை மட்டும் போட்டால் கிடைப்பது கஷ்டம். எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுத்துகள் இருக்கும். நான் ஊர்ப் பெயரையும் வடஆற்காடு என்பதையும் வைத்துத் தேடினேன். அப்புறம்தான் கிடைத்தார். விக்டோரியா மகாராணி பெயர் தாங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. இறந்தது 1916. நினைவிடம் ஈராக்கில் உள்ள பாஸ்ரா.

பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவதுதான் சாப்பர்களின் வேலை. அவர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், அந்த 1916 கொடுமையான வருஷம். ஏப்ரல் 29 அன்று கூட் நகரில் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் கைதானார்கள். வெளியில் இருந்தவர்களை வெயிலும் வாந்திபேதியும் வாட்டின. காய்கறி கிடைக்காமல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி வந்தது. அந்தப் போர்முனையில் நோயில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். டைகிரிஸ் கரையில் நின்ற அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, பாஸ்ரா நினைவிடத்திலாவது அவர் பெயர் இருக்குமா? 40,000 பேருக்கு மேல் நினைவுகூரும் இடம் அது. பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைவாரியாக எண்ணிக்கை மட்டும்தான். இங்கே ஊர்க் கல்லிலும் எண், அங்கே பாலைவனத்திலும் எண். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்கிறது அந்த அறிக்கை.

நூறு வருஷம் கழித்தாவது வெள்ளைக்காரன் மன்னிப்புக் கேட்டான். நாம்?

பஞ்சாபைப் பாருங்கள். போருக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாபியர்களின் விவரம், கிராமவாரியாக, 26,000 பக்கங்களில் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தது. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியர்களின் அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதலில் 45,000 பேரின் விவரத்தை 2021இல் இணையத்தில் ஏற்றினார்கள். பேரப்பிள்ளைகள் ஊர்ப் பெயரைப் போட்டு முன்னோர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய மெட்ராஸ் மாகாணத்து ஆட்களுக்கு இப்படி ஒரு முயற்சி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இதைச் செய்யலாம். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆணையத்தின் பதிவுகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தமிழில் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவனுக்கு என்ன மரியாதை?" என்று உறவுக்காரர் ஒருவரே என்னிடம் கேட்டார். எனக்கு இந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. நாங்கள் சேரிக்காரர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். சொந்த ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது, அப்பா பெயரோடு அவன் பெயரையும் எழுதிக்கொண்டது. அவன் போனது பேரரசின் மேல் இருந்த பக்தியாலா? நிலமில்லாத வீட்டில் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள். அவரைத் தியாகி என்று நான் சொல்லவில்லை. பேரரசு அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்காக அவர் பெயரை அழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் ஊர்க் கல்லுக்குரியவர்கள் என்று இதுவரை உறுதியாகத் தெரிந்த பெயர்களை, அப்பா பெயரோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். பழைய கல்லைத் தொடாமல், பக்கத்தில் தமிழில் ஒரு கல் வைத்து அதில் இந்தப் பெயர்களைப் பொறிக்க வேண்டும் என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்க் கல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். பதிவுகளில் தேடுவதற்கு நான் உதவுகிறேன்.