மூலையை வெட்டினால் அது வேறு படம்

மூன்று நாளாக எல்லோர் முகநூல் சுவரிலும் அந்த ஓவியத்தின் வலது மூலை மட்டும்தான் சுற்றுகிறது. ஒரு கூட்டத்தையே வரைந்து கேலியாகக் கதை சொல்லும் ஓவியம் அது; அந்த மூலையை மட்டும் வெட்டிப் போட்டு, வரைந்தவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். மீதி முக்கால்வாசியைப் பார்த்துவிட்டுத் திட்டியவர்கள் எத்தனை பேர்?

கதை சொல்லும் அங்கத (கேலியால் குத்திக்காட்டும்) ஓவியத்தில் மூலையை வெட்டினால் அது வேறு படம். அமெரிக்க ஓவியர் ராபர்ட் கோல்ஸ்காட் 1975-இல் ஒரு பழைய படத்தைக் கேலியாகத் திருப்பி வரைந்தாரே, நினைவிருக்கிறதா? மூலம், 1851-இல் லாய்ட்சே என்ற ஓவியர் வரைந்த, அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் டெலாவேர் ஆற்றைக் கடக்கும் படம். கோல்ஸ்காட் படத்திலும் அதே படகு, அதே பனி. வாஷிங்டன் நின்ற இடத்தில் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். சுற்றிலும் வெள்ளையர் கற்பனையில் பிறந்த கேலிக் கறுப்பர்கள். அவர்களில் பாஞ்சோ என்ற இசைக்கருவி வாசிப்பவரை மட்டும் வெட்டிப் போட்டால் சுத்தமான இனவெறிப் படம். படகோடு பார்த்தால்தான் அடி வரலாற்றுப் பாடப்புத்தகத்துக்கு என்று புரியும். வரைந்தவரும் கறுப்பினத்தவர். அதையும் வெட்டியிருப்பார்கள்.

"இதெல்லாம் கார்ட்டூன், ஓவியமா?" இந்தக் கேள்விக்கு வயது முன்னூறை நெருங்குகிறது. முகத்தை ஊதிப் பெருக்கும் கேலிச்சித்திரம் வேறு, தன் பாத்திரங்கள் வேறு என்று காட்டவே 1743-இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் ஒரு அச்சுத்தாள் முழுக்க முகங்களாக நிரப்பினார். பணத்துக்காகச் செய்த ஒரு கல்யாணம் சீரழியும் கதையைச் சொல்லும் அவருடைய 'மேரேஜ் ஆ-லா-மோட்' ஆறு படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 70க்கு 91 செ.மீ. முதல் படத்தில் மாப்பிள்ளையின் கழுத்தில் சின்னக் கறுப்புப் பொட்டு, பால்வினை நோயின் அடையாளம். ஆறாவதில் அவனுடைய குழந்தையின் கன்னத்தில் அதே கறுப்பு. பக்கத்திலேயே பெண்ணைப் பெற்றவர் அவள் விரலிலிருந்து மோதிரத்தை உருவிக்கொண்டிருக்கிறார். இந்தப் படங்களைச் செதுக்கி அச்சடிக்கும்போது இடவலம் மாறும் என்பதால் ஓவியங்களையே திருப்பி அமைத்தார் மனிதர். பார்ப்பவர் கண் எந்தப் பக்கமிருந்து நகரும் என்பதுவரை கணக்கு. நீங்கள் கட்டைவிரலால் நகர்த்துகிறீர்கள்.

"ஓவியம் தானாகப் பேச வேண்டாமா?" நியாயம்தான், பாதி. தோற்கும் படங்கள் உண்டு. எல்லாப் பொருளுக்கும் ஒரே வெளிச்சம் கொடுத்தால் கண்ணுக்குப் போக இடமிருக்காது. பயந்துபோய் ஆள்மேல் 'ஊழல்' என்று எழுதி ஒட்டினால் கதை அங்கேயே செத்தது. முதலில் சின்னத் தாளில் மூன்றே தொனிகளில் (வெளிச்சம், நடுத்தரம், இருட்டு) கூட்டத்தைப் பிரித்து, பெரிய சண்டையை வெளிச்சத்தில் வைத்து, குத்தும் துப்பை நடுத்தொனியில் ஒளிக்க வேண்டும். இரண்டாம் பார்வையில்தான் அது அகப்படும்.

இரண்டாம் பார்வை! யாரிடம் கேட்கிறேன்.

"மனம் புண்பட்டது" என்பவர்களுக்குப் பதில் இல்லை. ஒரு பொருளை எங்கே வைப்பது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவரை இரண்டு விநாடியில் 'விளம்பரப் பிரியர்' ஆக்கினீர்களே, அங்கே யாருக்கும் புண்படவில்லையா?

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் இடது ஓரம், நாற்காலிக்கு அடியில் என்ன கிடக்கிறது? தெரிந்தவர்கள் மட்டும் சண்டைக்கு வாருங்கள்.