கக்கூஸ்தானே என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

ஊற்றிவிட்டார். புதுக் கக்கூஸ் தரையில் கொத்தனார் ஆசிட்டை ஊற்றியேவிட்டார். நேரில் ஒரு தடவை சொன்னேன், போனில் ஒரு தடவை சொன்னேன், அதுவும் போதாதென்று கதவில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் 'ஆசிட் வேண்டாம்' என்று எழுதியும் வைத்தேன். அந்தக் கதவைத் திறந்துதானே உள்ளே போயிருக்கிறார்?

இன்று காலை மாடியிலிருந்து இறங்கும்போதே நெடி மூக்கில் ஏறியது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது. திறந்து பார்த்தால் வாசல் ஓரத்திலிருந்து கமோடு வரைக்கும் தரை வெளிறிக் கிடக்கிறது. முந்தாநாள் குங்குமம் மாதிரி இருந்த சிவப்பு, சாம்பல் தட்டிப் போயிருக்கிறது. குனிந்து தடவினேன். வழுவழுவென்று இருந்த கல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. வாஷ் பேசின் மேல் பாதி காலியான பாட்டில், மூடிகூடப் போடாமல்.

அது ஆத்தங்குடி கல், காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்கிற சிமெண்டுத் தரைக்கல். அதைப் போட்டவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். அது சூளையில் சுட்டது கிடையாது. ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கல்லில் தெரியும் அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே வேறு பூச்சு எதுவும் இல்லை. மதுரையிலிருந்து பஸ் ஏறி ஆத்தங்குடிக்கே போய், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. அப்படி ஒரு கை. அந்தக் கையின் வேலையை இவர் ஒரு பாட்டிலில் முடித்துவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை அது. 5 அடிக்கு 4 அடி. எட்டு அங்குலக் கல், வெட்டுக்கும் சேர்த்து 48 வேண்டும். உடைந்தால் ஆகட்டும் என்று 55 வாங்கினேன். கையிருப்பு ஏழு. கெட்டுப்போனது, எண்ணிவிட்டேன், இருபத்திரண்டு. திரும்ப வாங்கினாலும் இதே சிவப்பு வராது, கையால் கலக்கிற சாயம், ஒவ்வொரு தடவையும் ஒரு இழை கூடும் குறையும்.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"சிமெண்டுக் கறை இருந்துச்சுக்கா. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கழுவுறோம். நல்லா நுரை வந்து அழுக்கெல்லாம் போச்சுக்கா."

அழுக்கா போனது? சிமெண்டில் ஆசிட் பட்டால் பொங்கத்தான் செய்யும். நுரைத்து நுரைத்துப் போனது என் கல். வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருந்தால் அந்தக் கறை போயிருக்கும், அதையும் முன்பே சொன்னேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் இதை எழுத வைத்தது: "விடுங்கக்கா, கக்கூஸ்தானே!"

இந்த வார்த்தையை ஆறு வாரமாகக் கேட்கிறேன். சுவருக்கு அடர் பச்சை வேண்டும் என்றேன். பெயிண்டர், "சின்ன ரூம்மா, இருட்டாயிரும், ஐவரி அடிச்சிருவோம், கக்கூஸ்தானே" என்றார். டைல்ஸ் கடையில் மரக்கலரில் ஒன்றை எடுத்து நீட்டி அதையே சொன்னார்கள். பித்தளைச் சட்டம் போட்ட பழைய கண்ணாடியை மாட்டினேன். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "இதை ஹால்ல மாட்டக்கூடாதா, கக்கூஸ்ல போய்..." என்றார்.

சின்ன அறையில்தான் அடர்த்தியான நிறம் நிற்கும். அங்கே யாரும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஐந்து நிமிடம் கண் நிறைந்தால் போதும். குளிக்கிற இடமும் இல்லை, அதனால் ஈரம் தங்காது, சுவரில் எட்டடிக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஹால் முழுக்க இந்தக் கல்லைப் போட எனக்கு வசதி கிடையாது, இருபது சதுர அடிக்கு இருந்தது. வீட்டில் நான் ஆசைப்பட்டபடி செய்ய முடிந்த ஒரே அறை அது.

நான் வளர்ந்த வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. லைட் கிடையாது. ராத்திரி போக வேண்டுமென்றால் அம்மாவை எழுப்ப வேண்டும். அம்மா அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள், நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டில் அந்த அறைதான் எல்லாவற்றையும்விட அழகாக இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். பூஜை அறையில் ஆசிட் ஊற்றுவாரா அந்தக் கொத்தனார்? நான் சொன்னது காதில் விழாமல் இல்லை. அது கக்கூஸ் என்பதால் கேட்க வேண்டிய பேச்சாக அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது என்ன செய்ய முடியும் என்றும் கேட்டுவிட்டேன். மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் நிறம் கொஞ்சம் தூக்கும், பழைய பளபளப்பு வராது. கையிருப்பை வைத்து வாசல் பக்கம் இருக்கிற ஏழு கல்லை மட்டும் மாற்றலாம். மற்ற பதினைந்தோடு நான் வாழ வேண்டியதுதான்.

இதில் எலக்ட்ரீஷியன் வேறு! சுவிட்சை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? கதவு திறந்தால் அதற்குப் பின்னால். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன் இதை! கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? உள்ளே போய், கதவைச் சாத்தி, சுவரைத் துழாவித் துழாவித்தான் லைட்டைப் போட வேண்டியிருக்கிறது.