முகப்பும் முறையும்
ஒரு கட்டடக் கலைஞரின் படைப்புகள் அனைத்தும் பார்த்தவுடனேயே அவருடையவை என்று தெரிய வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் சொல்லும் கருத்தை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. எனினும் பூசப்படாத சுவர், காற்று நுழையும் செங்கல் சாளரம், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கி, ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டுமானம் ஆகிய எல்லாவற்றிலும் வீண்செலவைத் தவிர்க்கும் ஒரே எண்ணம் தெரிகிறது. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த நம் முன்னோரும், கிடைத்த மரத்தையும் தகரத்தையும், பின்னர் செங்கல்லையும் கொண்டு கோயில் எழுப்பியபோது, கருவறை, மண்டபம், கொடிமரம் என்ற வரிசையை விடவில்லை. இங்குள்ள டர்பன் நகரின் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஏற்ற அகன்ற தாழ்வாரத்தைக் கைவிட்டு, எந்த ஊரானாலும் அதே கண்ணாடிச் சுவரை நிறுத்திக் குளிரூட்டியை நம்பும் கட்டடங்களையும் அக்கட்டுரையின் அளவுகோல் பாராட்டிவிடும் என்பதே என் தயக்கம்.