பெயர் சொல்லாமலே பறித்த சட்டம்

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் இன்ன இனத்தவருக்குக் குடியுரிமை இல்லை என்று ஒரு வரி கூடக் கிடையாது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக, அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

ஆள் சேர்க்கும் கங்காணி இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டி வந்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், விட்டவரின் பேரன், அப்பாவின் பிறப்புப் பதிவை எங்கே போய்த் தேடுவான்? காலியிலோ குருணாகலிலோ இருந்த கிராமத்தவரிடம் யாரும் அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை. கேட்டது மலையகத் தமிழர்களான எங்களிடம் மட்டும்தான்.

காரணம் ஒளிந்து கிடக்கவில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருஷமே குடியுரிமை போயிற்று, 1949இல் வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து எங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. எனக்கு அதிகம் கோபம் வருவது இதற்கடுத்த விஷயத்தில்தான். தொகுதிகளைப் பிரிக்கும்போது எங்கள் சனத்தொகையையும் சேர்த்தே எண்ணினார்கள். எங்கள் தலைகளால் கிடைத்த ஆசனங்களுக்கு மற்றவர்கள் வாக்களித்தார்கள்.

வடக்கின் தலைவர்களும் ஒன்றாக நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதே 1948இல், சட்டம் கொண்டுவந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். அதை எதிர்த்து அந்தக் கட்சியிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பதிவு செய்து பிரஜையாகலாம் என்று 1949இல் ஒரு வழி திறந்தார்கள். அதற்கு வருஷக்கணக்கில் இடைவிடாமல் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும், போதிய வருமானத்தையும் காட்ட வேண்டும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவரிடம் வருமானச் சான்று! எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. ஆறில் ஒரு பங்கினர் அளவுக்குத்தான் கிடைத்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பலேறிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர் போன்ற இடங்களில், மறுபடி தேயிலைத் தூரிலேயே நின்றார்கள்.

2003இல் சட்டம் வந்து எல்லோரும் பிரஜைகளாகிவிட்டோமே, இன்னும் என்ன குறை என்று கேட்கிறார்கள். அந்த ஐம்பத்தைந்து வருஷத்தில் மற்றவர்கள் காணி வாங்கினார்கள், அரசாங்கக் குடியேற்றத் திட்டங்களில் நிலம் பெற்றார்கள், அரச உத்தியோகத்துக்குப் போனார்கள். பிரஜை அல்லாதவனுக்கு அந்தக் கதவுகள் மூடியே இருந்தன. சட்டம் திருந்தியபோது பங்கிட நிலம் மிச்சமில்லை.

1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவையும் பாருங்கள். அந்தப் பிரிவு இருந்தவரை, சபை தன் பணத்தில் தோட்டத்துக்குள் ரோடு போடத் தடை இருந்தது. சபைத் தேர்தலில் வாக்களித்த தொழிலாளி, குழி விழுந்த ரோட்டில் பிரசவ வலியோடு மனைவியை லொறியில் ஏற்றிப் போனார். 2018இல்தான் திருத்தினார்கள்.

இன்றும் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கழிந்து வந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். மலையகத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம், குடியிருக்கும் நிலத்துக்குக் குடும்பத்தின் பேரில் காணி உறுதி. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உறுதிப் பத்திரத்தைக் கையில் கொடுங்கள்.